கோடையைத் தாண்டும் பனி

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில், ஏலக்கூடத்துப் பக்கம் மூடாமல் கிடக்கும் ஐஸ் பாரைக் கவனித்துப் பாருங்கள். அதன் மேல் வழியும் நீர் முழுவதும் உருகிய ஐஸ் இல்லை. கடற்காற்றிலுள்ள ஈரமும் அந்தக் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் ஐஸை இன்னும் வேகமாகக் கரைக்கிறது.

சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் இதே இயற்பியல் தலைகீழாக வேலை செய்கிறது. ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் அது. குளிர்காலத்தில் குவித்த பனியை 40 செ.மீ. மரத்தூளால் மூடி, கோடை முழுக்க வெட்டவெளியில் விட்டுவைக்கிறார்கள். மின்சாரம் கிடையாது, குளிர்பதனப் பெட்டியும் கிடையாது. 2015 கோடையில் அளந்து பார்த்தபோது முக்கால் பங்கு பனி எஞ்சியிருந்தது. இலையுதிர்காலத்தில் மரத்தூளை விலக்கி, அந்தப் பனியைப் பரப்பிச் சறுக்குப் பாதை போட்டுவிடுகிறார்கள்.

ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பூஜ்ஜியம் டிகிரி நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு அது. ஆகவே பனியைக் காப்பது என்றால், வரும் வெப்பத்தைத் தடுப்பதுதான். குவியல் பெரிதாக இருப்பது முதல் உதவி. கன அளவு கூடும் வேகத்தில் வெளிப்பரப்பு கூடாது. எந்திரத்தில் தயாரித்த பனி இன்னும் நல்லது. அதன் துகள்கள் உருண்டையாக, நெருங்கி அமர்கின்றன.

ஆனால் என்னை அசத்துவது மரத்தூள்தான். மேலே காய்ந்த அடுக்கு. அதன் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடியில் ஈரமான அடுக்கு. அந்த ஈரம் மேலேறி ஆவியாகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2,500 கிலோஜூல் செலவாகும். ஏழு கிலோ பனியை உருக்கியிருக்கக்கூடிய வெப்பம், ஒரே கிலோ நீரோடு காற்றில் போய்விடுகிறது!

இதற்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். மலைக்காற்று பெரும்பாலும் அப்படித்தான். கடலூரிலோ புதுச்சேரியிலோ மரத்தூளை மட்டும் நம்ப முடியாது. இங்கே ஐஸுக்கு மேல் மரத்தூளோ உமியோ போட்டு, அதன்மேல் காற்றின் ஈரம் புகாதபடி தார்ப்பாயை இறுக்கிக் கட்ட வேண்டும். தாவோஸில் அதே தார்ப்பாயைப் போட்டால், ஈரம் ஆவியாகும் வழி அடைபட்டுப் பனி கூடுதலாக உருகும்.