பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைப்பது எப்படி?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "பெட் இருக்கா?" என்பதைத்தான். அந்தப் படுக்கைகளை ஒதுக்க, மத்திய சுகாதாரத் துறை 2011-இல் ஒரு கணக்கு வகுத்தது.

பிரசவம் நடக்கும் எல்லா அரசு நிலையங்களிலும் வார்மர் (குழந்தையின் உடலைச் சூடாக வைக்கும் கருவி) வைத்த சிறிய பராமரிப்பு இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல்நிலையில், 4 படுக்கைகளோடு குழந்தையின் நிலையைச் சீராக்கும் பிரிவு. மாவட்ட மருத்துவமனையில் எஸ்.என்.சி.யு. எனப்படும், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு. அங்கே குறைந்தது 12 படுக்கைகள். ஆண்டுக்கு 3,000 பிரசவங்களைத் தாண்டினால், கூடுதலாகும் ஒவ்வொரு 1,000 பிரசவத்துக்கும் 4 படுக்கைகள் சேர்க்க வேண்டும். பிறப்பு எடை 1,800 கிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இங்கேதான் சேர்ப்பார்கள்.

அங்கேயே பிறந்த குழந்தைகளையும் வெளியிலிருந்து வருபவர்களையும் தொற்று பரவாமலிருக்கத் தனித்தனியே வைப்பார்கள். அதனால் ஒரு பக்கம் படுக்கை காலியாக இருந்தும் உங்களுக்கு "இல்லை" என்ற பதில் வரலாம்.

உடல்நிலை தேறிய குழந்தையை வார்மரிலிருந்து எடுத்துத் தாயோடு பக்கத்து வார்டுக்கு மாற்றுவதும் உண்டு. "அதுக்குள்ள வெளியே அனுப்பறாங்களே" என்று பலர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். மூச்சு சீராகி, பால் குடிக்கத் தொடங்கிய குழந்தைக்கு அம்மாவின் நெஞ்சுச் சூடு நல்ல மருந்து. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படும்படி அணைத்து வைப்பதைத் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. காலியாகும் வார்மர், மூச்சுத் திணறலோடு வரும் அடுத்த குழந்தைக்கு உதவும்.

சரி, படுக்கையே இல்லையென்றால்? வேறு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள்; அதற்குக் கைகொடுப்பது, தாய்க்கும் குழந்தைக்கும் இலவச சிகிச்சையும் வண்டியும் தரும் மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். அது 2011 ஜூன் 1-இல் தொடங்கியது. முதலில் 30 நாள் வரையான குழந்தைகளுக்கு இருந்த உரிமை, 2014 முதல் ஒரு வயது வரை நீண்டது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து வரவும், வேறு மருத்துவமனைக்கு மாற்றவும், திரும்பி வீடு சேரவும் வண்டியும் இலவசம்.

ஆகவே ஆட்டோவில் கிளம்பிவிடாதீர்கள். வழியில் குழந்தையின் உடல் சில்லிட்டுப்போவது உயிருக்கே ஆபத்து. முதலுதவி தந்து, அடுத்த மருத்துவமனைக்குப் போன் செய்து படுக்கையை உறுதிப்படுத்தும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பரிந்துரைச் சீட்டைக் கையில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த வண்டிகள் உண்டு, அதையே கேளுங்கள். யாராவது பணம் கேட்டால் 104 சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.