ரேஷன் கடைக்கு வராமல் போன பாட்டி

கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் முதியோர் நலனுக்கான சமூகப் பணியில் இருக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, எலும்பு முறிந்த பிறகோ பக்கவாதம் தாக்கிய பிறகோ வருபவை. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி விசாரித்துப் பார்த்தால், அறிகுறிகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று சொல்லவே முடியாது.

காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாகப் பதிவதில்லை. ரேஷன் கடைக் கருவி இரண்டொரு முறை ஏற்க மறுத்ததும், மேட்டில் ஏறி வந்து வெறும் பையோடு திரும்புவானேன் என்று அவர் போவதையே விட்டுவிடுகிறார். அந்த அட்டைக்கு அரிசி வாங்கப்படவில்லை என்பது விற்பனையாளருக்குத் தெரியும். மூதாட்டி மெலிந்து வருவது, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளருக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்கு இறங்கும் படிகளில் பாசி படர்ந்திருப்பதும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாததும் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலருக்குத் தெரியும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்க, அவர் தனியாக இருப்பது ஊருக்கே தெரியும். ஐப்பசி மழையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும்போதுதான் இவை அனைத்தும் ஒரே இடத்தில், அதுவும் மருத்துவமனையில், முதன்முதலாக ஒன்றுசேர்கின்றன.

உணவு வழங்கல், மருத்துவம், வருவாய், ஊராட்சி என ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைச் சரியாகவே வைத்திருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் எவருடைய வேலையாகவும் இல்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், பராமரிப்புத் தேவை உருவாவதைத் தடுப்பதையும் தள்ளிப்போடுவதையும் உள்ளாட்சி மன்றங்களின் கடமையாகவே ஆக்கியது. நமக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழு என்ற அமைப்பு தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஏற்கெனவே இருக்கிறது. கிராம அளவிலான சுகாதாரப் பணிகளுக்கென ஆண்டுக்கு ரூ.10,000 வரை நிபந்தனையற்ற நிதியும் அதற்கு உண்டு. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடை விற்பனையாளர், தூய்மைக் காவலர் ஆகியோர் மாதம் ஒருமுறை அதில் உட்கார்ந்து, தனித்து வாழும் முதியோர் பட்டியலை வைத்துப் பேசினால், கடைக்கு வராதவரின் பொருளை வேறொருவர் வாங்கிக்கொள்ளப் பதிலாள் அனுமதி வாங்கித் தருவதும், 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வரச் செய்வதும், ஊராட்சி நிதியில் படிக்குக் கைப்பிடி வைப்பதும் ஒரே அமர்வில் முடிவாகிவிடும்.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. பட்டியலில் பெயர் சேர்க்கச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். அவருடைய நோய் விவரம் செவிலியரைத் தாண்டிப் போகக் கூடாது. தூய்மைக் காவலர்களின் சொற்ப ஊதியத்தை உயர்த்தாமல் அவர்கள் தலையில் இன்னொரு பொறுப்பைச் சுமத்துவதையும் நான் ஏற்க மாட்டேன். அந்த அமர்வுக்கு உரிய படித்தொகை தரப்பட வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் ஆகஸ்ட் 15 கூட்டத்தில், இந்த மாதாந்திர அமர்வைக் கூட்டும் பொறுப்பு யாருடையது என்பதைப் பதவியின் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள்.