ஊர் எல்லையைத் தாண்டும் நிலத் திட்டம்: பக்கத்து உள்ளாட்சிக்குச் சட்டம் தரும் இடம்

ஏரியின் கலங்கல் ஒரு ஊராட்சியில் இருக்கும். அங்கே வழியும் உபரிநீர் போய்ச் சேரும் ஏரி அடுத்த ஊராட்சியில் இருக்கும். இடையில் வாய்க்கால் கொஞ்ச தூரம் ஒரு பேரூராட்சிக்குள் ஓடிவரும். மூன்று இடத்திலும் மனைப்பிரிவுக்கு முறைப்படியே அனுமதி கொடுத்திருப்பார்கள். ஆனாலும் ஐப்பசி அடைமழையில் கீழூர்க்காரர் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை மூவரும் சேர்ந்து பார்க்கவே இல்லை என்பதுதான் காரணம். இதைச் சேர்ந்து பார்க்கச் சொல்லும் சட்டம் 30 ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த 243ZD (243 இசட்.டி.) பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு மாவட்டத் திட்டக் குழு அமைய வேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்றுசேர்த்து, மாவட்டம் முழுவதற்குமான வரைவு வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இதன் வேலை. அப்போது ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான விஷயங்களைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். அவை என்னென்ன என்பதைப் பிரிவே சொல்லிவிடுகிறது: இடம்சார் திட்டமிடல் (எது எங்கே அமைய வேண்டும் என்று திட்டமிடுவது), தண்ணீர் உள்ளிட்ட இயற்கை வளங்களைப் பகிர்வது, உள்கட்டமைப்பை ஒருங்கிணைத்து வளர்ப்பது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. குழு உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், மாவட்ட ஊராட்சி, நகர உள்ளாட்சி ஆகியவற்றின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். கிராம, நகர மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் பிரியும். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர் குழுவின் தலைவர். ஆட்சியர் துணைத் தலைவர்.

10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்கு 243ZE பிரிவு தனியாகப் பெருநகரத் திட்டக் குழுவைச் சொல்கிறது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பங்கு குறைந்தது மூன்றில் இரண்டு.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் மூன்று இடத்தில். முதலாவது, குழு தயாரிப்பது வரைவு மட்டுமே. தலைவர் அதை மாநில அரசுக்கு அனுப்புவார். ஒரு சர்வே எண்ணில் கட்டலாமா கூடாதா என்பதை அந்த வரைவு தீர்மானிக்காது. இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாவிட்டால் குழுவுக்கு ஆளே இல்லை. தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை மன்றங்கள் இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அரசியலமைப்பில் நகராட்சிகளுக்கான 12ஆவது அட்டவணையில் 18 இனங்கள் (பொறுப்புகள்) உள்ளன. முதல் இனமே நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் 29 இனங்கள் இருந்தும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்று ஒன்று இல்லை. நகரம் விரிவதோ ஊராட்சி நிலத்தின் மேல். அந்த நிலத்தைத் திட்டமிடும் பேச்சில் ஊராட்சிக்கு இடம் இவ்வளவு சிறிதாக இருப்பது சரியல்ல.

அப்படியானால் அதிகாரம் எங்கே இருக்கிறது? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில். பல உள்ளாட்சிகள் சேர்ந்த வட்டாரத்துக்கு வட்டாரத் திட்டம், ஒரு நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதிக்கு முழுமைத் திட்டம், அதற்குள் சிறு பகுதிகளுக்கு விரிவு வளர்ச்சித் திட்டம் என்று மூன்று அடுக்கு. மக்கள் 'மாஸ்டர் பிளான்' என்று சொல்வது நடு அடுக்கை. இது அரசிதழில் வெளியான பிறகு, அதற்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்த முடியாது. திட்டப் பகுதி ஒரே உள்ளாட்சிக்குள் அடங்கினால் அந்த உள்ளாட்சியே திட்டக் குழுமமாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகள் சேர்ந்தால் கூட்டு உள்ளூர்த் திட்டக் குழுமம். நம் பக்கம் அண்டை உள்ளாட்சிகள் நிலத்தைப் பற்றிச் சட்டப்படி ஒரே மேசையில் உட்காரும் இடம் பெரும்பாலும் இதுதான். உறுப்பினர் செயலர் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அலுவலர். அதனால் உங்கள் ஊர் எந்தக் குழுமத்தில் வருகிறது என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் குழுமத்திலும் வராத ஊர்களும் உண்டு; அங்கே முழுமைத் திட்டம் என்ற பேச்சே கிடையாது.

வாய் திறக்க வேண்டிய நேரங்கள்

ஒரு பகுதியைத் திட்டப் பகுதியாக அறிவிக்கப் போவதாக அரசு முதலில் அரசிதழில் சொல்லும். அன்றிலிருந்து 2 மாதத்துக்குள் அங்கே வசிப்பவரோ உள்ளாட்சியோ எழுத்தில் ஆட்சேபமோ ஆலோசனையோ தரலாம். எல்லையை எங்கே போடுவது என்பதைப் பேச இதைவிட்டால் வேறு நேரம் வராது. ஏரியை உள்ளே வைத்து, அதன் வரத்து வாய்க்காலை வெளியே விட்டிருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, தற்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாராகும் காலம். இதற்குப் பெரிய விளம்பரம் இருக்காது. ஆனால் தவறுகள் புகுவது இங்கேதான். வருவாய்க் கணக்கில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருப்பது வரைபடத்தில் வந்துவிடும். மழைக்கு மட்டும் ஓடும் ஓடை பட்டா நிலத்தின் வழியே போனால், கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது வெறும் புஞ்சை. வரைபடத்திலும் புஞ்சை, பிறகு குடியிருப்பு மண்டலம். இதைத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும் பாசனக்காரர்களும் ஏரி மடையைப் பார்த்துக்கொள்பவர்களும்தான். கிராம வரைபட நகலில் அந்த ஓடையை அவர்களை வைத்துக் குறித்து, சர்வே எண்களோடு குழுமத்துக்கு ஊராட்சி அனுப்பலாம்.

மூன்றாவது, வரைவு முழுமைத் திட்டத்தின் அறிவிப்பு. ஆட்சேபத்துக்கு 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். நேரில் கேட்கப்பட விரும்புகிறேன் என்று மனுவிலேயே எழுதினால் அந்த வாய்ப்பையும் தர வேண்டும். இந்த ஒரு வரியை எழுதாமல் விடுபவர்கள் நிறைய.

மனுவில் என்ன இருக்க வேண்டும்? "எங்கள் ஊரின் இயற்கை வளம் அழிகிறது, தடுத்து நிறுத்துங்கள்" என்று ஒரே வாசகத்தில் 500 பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும், அலுவலகத்தில் அது ஒரே ஆட்சேபம்தான். திருத்துவதற்கு எந்த நிலம் என்றும் தெரியாது. வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், வரைவில் அதற்குக் கொடுத்திருக்கும் மண்டலம், இருக்க வேண்டிய மண்டலம், அதற்கான காரணம் ஆகியவை வேண்டும். எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபட நகலையும் அ-பதிவேட்டு நகலையும் இணைக்க வேண்டும். உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். வரைவு பெரும்பாலும் பழைய எண்ணை வைத்திருக்கும்.

பக்கத்து உள்ளாட்சி சம்பந்தப்பட்டதென்றால் இரண்டு மன்றங்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுவது நல்லது. "மேலூர் ஏரிக் கலங்கலிலிருந்து கீழூர் ஏரி வரை, இன்ன சர்வே எண்கள் வழியாக, இத்தனை மீட்டர் அகலத்துக்கு நீர்வழி" என்று இரண்டிலும் இருந்தால், ஒரு ஊர் கேட்டது இன்னொரு ஊருக்குத் தெரியாது என்று யாரும் தள்ளிவிட முடியாது. மன்றம் இல்லாத காலத்தில் கிராம சபைத் தீர்மானம் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரைவின் 2 மாத அவகாசத்துக்குள் இதில் ஒரு நாள் வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

தண்ணீர் அளவுக்குச் சாலையும் எல்லையில் அறுபடும். முழுமைத் திட்டத்தில் 60 அடியாக வரும் சாலை, பக்கத்து ஊராட்சியின் பழைய மனைப்பிரிவில் 23 அடித் தெருவில் போய் முட்டும். குப்பை இன்னொன்று. கோவை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருப்பது வெள்ளலூரில். வெள்ளலூர் தனிப் பேரூராட்சியாக இருந்துவந்த ஊர்.

மாவட்ட எல்லையையே தாண்டும் விஷயத்துக்கு மாவட்டக் குழு போதாது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகக் காவிரியில் சேர்கிறது. மேலே உள்ள சாயப்பட்டறைக் கழிவு கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்டதைப் பேச ஏற்றது வட்டாரத் திட்டம்தான். சென்னையில் சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் 1,189 சதுர கிலோமீட்டர் எல்லை 2022இல் 5,904 ஆக விரிந்து, ராணிப்பேட்டை மாவட்டத்தின் பகுதி வரை போனதற்கும் இதே தேவைதான் அடிப்படை. 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் பழைய எல்லைக்கு மட்டுமே. அதற்குள்ளேயே சென்னை மாநகராட்சியோடு 16 நகராட்சிகளும் 20 பேரூராட்சிகளும் 214 ஊராட்சிகளும் இருந்தன.

திட்டம் அரசிதழில் வந்த பிறகும் தனித்தனி நிலங்களுக்கு நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். சி.எம்.டி.ஏ. பகுதியில் இதற்கு நாளிதழில் அறிவிப்பு வரும். அது பக்கத்து ஊராட்சியின் கண்ணில் படாமலே போய்விடுவது உண்டு. ஊராட்சிச் செயலர் இதை வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

உங்கள் மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். கூட்டத் தேதி, நடவடிக்கைக் குறிப்பின் நகல், அரசுக்கு அனுப்பிய வரைவின் நகல் என்று மூன்றையும் தனித்தனிக் கேள்வியாக எண் போட்டு எழுதுங்கள். சேர்த்து எழுதினால் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்து நின்றுவிடும்.