கல் வருவது சிறுநீரின் புளிப்பால்

சிறுநீரோடு வெளியேறிய சிறுநீரகக் கல்லை நோயாளிகள் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டு வருவார்கள். செங்கல் பொடியை உருட்டியது போலிருக்கும். "தக்காளியை விட்டுட்டேன், பருப்பையும் விட்டுட்டேன். அப்புறமும் வருதே டாக்டர்?"

முதல் வேலையாக, புளிப்பை அளக்கும் பிஎச் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பேன். பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் 5.5-க்குக் கீழேதான் இருக்கும். அந்தப் புளிப்பில் யூரிக் அமிலம் சரியாகக் கரையாமல் படிகமாகிவிடும். பிஎச் 6.5-ஐத் தொட்டால் அதே அமிலம் பல மடங்கு கரையும். ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கல் வருவது இதனால்தான்.

இறைச்சி இரண்டு விதத்தில் கெடுக்கிறது. அதிலுள்ள பியூரின் என்ற பொருள் உடலில் யூரிக் அமிலமாகிறது. ஈரல், மத்தி, நெத்திலியில் பியூரின் மிக அதிகம். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: இறைச்சிப் புரதத்தில் இருக்கும் கந்தகம் உடலில் அமிலமாக மாறி, சிறுநீரைப் புளிக்க வைக்கிறது. கோழியும் இதில் சேர்த்திதான். பருப்பை அடியோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் தினமும் கோழி சாப்பிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ சொன்னதை நம்பி இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்களே என்று மனசு வலிக்கும். பருப்பை அளவோடு சாப்பிடலாம். காய்களும் பழங்களும் சிறுநீரின் புளிப்பைக் குறைப்பவை. எலுமிச்சையும் அப்படித்தான். நாக்குக்குப் புளித்தாலும், அதிலுள்ள சிட்ரேட்டை உடல் காரமாக, அதாவது அமிலத்தைத் தணிக்கும் பொருளாக, மாற்றிக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றைச் சர்க்கரை போடாமல் குடிக்க வேண்டும். குளிர்பானங்களில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை யூரிக் அமிலத்தைக் கூட்டும். பீரும் அப்படியே.

தண்ணீரைப் பொறுத்தவரை, எத்தனை டம்ளர் குடித்தோம் என்ற கணக்கைவிட, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்பதே முக்கியம். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

சர்க்கரை நோயும் உடல் பருமனும் சிறுநீரைப் புளிப்பாக்கும் என்பதால், அவை உள்ளவர்களிடம் எடையைப் பற்றியும் பேசுவேன்.

ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தக் கல்லைப் பல நேரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே, பொட்டாசியம் சிட்ரேட் மருந்தால் கரைத்துவிடலாம். ஆனால் தயவுசெய்து நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். பிஎச் 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் கல் உருவாகலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கல் வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.