ஸ்கிரிப்டுக்குள்ள டோக்கனை எழுதி வைக்காதீங்கோ

திருகோணமலை டவுனில சின்ன ஒபிஸுகளுக்கும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்கும் கம்ப்யூட்டர் சிஸ்டம் பாத்துக் குடுக்கிறதுதான் என்ர தொழில். இப்ப நிறைய இடத்தில ஸ்டாஃப் எல்லாரும் ஸ்லாக் எண்ட ஒபிஸ் மெசேஜ் அப்பிலதான் கதைக்கினம், அதால ராத்திரி பேக்கப் முடிஞ்சுதா, டிஸ்க் நிரம்புதா எண்டு ஆள் போய்ப் பாக்காமலே ஸ்லாக் சனலுக்கு, அதாவது எல்லாரும் பாக்கிற குரூப்புக்கு, மெசேஜ் வாற மாதிரி பவர்ஷெல்லில (கட்டளை எழுதி ஓட்டுற கருவி) ஸ்கிரிப்ட் எழுதி விடுறம். அதுக்கு பிஎஸ்ஸ்லாக் (PSSlack) எண்டு பவர்ஷெல்லோட சேக்கிற ஒரு மொடியூல் இருக்கு, இலவசம், ஓப்பன் சோர்ஸ், இன்ஸ்டோல் பண்ணினா ஒரு வரியில மெசேஜ் போகும். நல்ல சாமான், தாராளமாப் பாவியுங்கோ.

ஆனா போற இடமெல்லாம் நான் காணுறது என்னெண்டா, ஸ்கிரிப்ட் ஸ்லாக்குக்குள்ள போகக் காட்டுற டோக்கன் எண்ட ரகசியக் கோடு ஸ்கிரிப்டின்ர மேல் வரியிலயே அப்பிடியே கிடக்கும். அந்த ஃபைல் எல்லாரும் திறக்கிற ஷெயார் ஃபோல்டரில இருக்கும், ஒராள் மற்றாளுக்கு வாட்ஸப்பில அனுப்பியிருப்பார், சீசன் முடிய வேலையை விட்டுப் போன பெடியன்ர லப்டொப்பிலயும் ஒரு கொப்பி இருக்கும். டோக்கன் எண்டது திறப்பு. அது கையில இருக்கிறவர் பாஸ்வேர்டும் கேக்காம, போனுக்கு வாற கோடும் கேக்காம உள்ள போகலாம்.

அதிலயும் பயமானது ஆக்கள் தங்கட சொந்த அக்கவுண்டில எடுக்கிற யூசர் டோக்கன். அதுக்கு வாசிக்கிற அனுமதியும் குடுத்திருந்தா அந்த ஆளின்ர பிரைவேட் மெசேஜ் வரைக்கும் வாசிக்கலாம். அந்த ஆள் விலகி அக்கவுண்டை மூடினா டோக்கனும் செத்துப் போகும், பேக்கப் மெசேஜ் வராது, வராததை ஒருத்தரும் கவனிக்கவும் மாட்டினம். தனியா ஒரு பொட் (ஆளில்லாம மெசேஜ் போடுற ஸ்லாக் அக்கவுண்ட்) செய்து, மெசேஜ் போடுற அனுமதி மட்டும் குடுத்து, தேவையான சனலுக்கு மட்டும் அதைச் சேத்து விடுங்கோ. ஒரே ஒரு சனலுக்கு மெசேஜ் போனாக் காணுமெண்டா வெப்ஹூக்கே போதும், அது மெசேஜ் அனுப்ப ஸ்லாக் தாற ஒரு லிங்க், ஆனா அந்த லிங்கும் ரகசியம்தான்.

டோக்கனை எங்க வைக்கிறது? பிஎஸ்ஸ்லாக்கிலயே அதைச் சேமிக்க ஒரு கட்டளை இருக்கு. விண்டோஸில அது டோக்கனைப் பூட்டித்தான் வைக்கும், சேமிச்ச அதே யூசர், அதே மெஷினிலதான் திறக்கலாம். பிரச்சினை தொடங்குறதும் இங்கதான். நீங்க உங்கட லொகினில சேமிச்சு டெஸ்ட் பண்ணுவீங்க, வடிவா வேலை செய்யும், பிறகு டாஸ்க் ஷெட்யூலரில (நேரம் வைச்சு ஸ்கிரிப்டைத் தானா ஓட்டுற விண்டோஸ் வசதி) வேற அக்கவுண்டில ஓட விடுவீங்க, அந்த அக்கவுண்டால உங்கட ஃபைலைத் திறக்க ஏலாது, மெசேஜ் வராது. உடனே களைச்சுப் போய் டோக்கனைத் திரும்ப ஸ்கிரிப்டுக்குள்ள ஒட்டிறது, இப்பிடித்தான் முக்கால்வாசி இடத்தில நடந்திருக்கு. டாஸ்குக்கெண்டு அதிகாரம் குறைஞ்ச ஒரு அக்கவுண்ட் திறந்து, பவர்ஷெல்லை அந்த அக்கவுண்டிலயே ஓட விட்டு, அங்க ஒருக்கா சேமியுங்கோ, பிறகு தொல்லை இல்லை. லினக்ஸில அந்தப் பூட்டு இல்லை, ஓட்டுற யூசருக்கு மட்டும் வாசிக்கிற அனுமதி குடுத்து ஃபைலை வையுங்கோ.

டோக்கன் வெளிய போயிட்டுது எண்டு சந்தேகம் வந்தா அந்த வரியை அழிச்சுப் பிரயோசனமில்லை, ஸ்கிரிப்டை கிட்டில (Git, ஃபைலின்ர பழைய வடிவமெல்லாம் சேமிச்சு வைக்கிற கருவி) வைச்சிருந்தா பழைய கொமிட்டுக்குள்ள, அதாவது முந்திச் சேமிச்ச வடிவத்துக்குள்ள, அது இருந்துகொண்டே இருக்கும். கிட் ஃபைலுகளை இணையத்தில வைக்கிற கிட்ஹப்பில பப்ளிக்கா கிடந்து ஸ்லாக்கின்ர கண்ணில பட்டா அவையளே ரத்துப் பண்ணுவினம், வாட்ஸப்பிலயும் பென்டிரைவிலயும் போனதை ஆர் பாக்கிறது? நீங்கதான் ரத்துப் பண்ணிப் புதுசு எடுக்க வேணும்.

மாத்தினா எந்த ஸ்கிரிப்ட் நிண்டிடுமோ எண்ட பயத்தில நிறையப் பேர் பழசையே ஓட விடுகினம். அதால பேக்கப்புக்கு ஒரு பொட், புக்கிங் மெசேஜுக்கு வேற பொட் எண்டு முதலே பிரிச்சு வையுங்கோ, ஒண்டை ரத்துப் பண்ணினாலும் மற்றது ஓடும்.