கட்டணம்தான் இல்லையே, ஃபாஃப்சா எதற்கு?

இந்த செமஸ்டரிலும் ஒருவன் போய்விட்டான். நல்ல பையன், கால்குலஸில் ஏ வாங்கிக்கொண்டிருந்தவன். ஒன்பதாவது வாரத்திலிருந்து ஆளைக் காணோம். போன் போட்டுக் கேட்டால், கிடங்கில் இரவு ஷிஃப்டாம். விடிகாலையில் வீடு திரும்பினால் எட்டு மணி வகுப்புக்கு எழுந்திருக்க முடியவில்லையாம். வீட்டு வாடகையில் ஒரு பங்கு அவன் தலையில். “ஃபாஃப்சா போட்டியா?” என்று கேட்டேன். மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம் அது. “எனக்குக் கட்டணம்தான் இல்லையே, அது எதற்கு?” என்றான்.

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியின், நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நம் ஊர்ப் பெற்றோர்களிடமும் கிட்டத்தட்ட இதேதான், குரல் மட்டும் வேறு: “எங்க சம்பளத்துக்கு எதுவும் கிடைக்காதுங்க.” அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பாடங்களை இங்கே யூனிட் கணக்கில்தான் அளப்பார்கள்; ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 2012 கோடையிலிருந்து அது மாறவில்லை. முழுநேர மாணவர் வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர் ஆகிறது. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற பெயரில் அது அப்படியே தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிக்கு ஒரு சின்னப் படிவம் போதும், ஃபாஃப்சாகூடக் கட்டாயமில்லை. வினையே இங்கேதான். படிவம் போட்ட சில நாளில் மாணவரின் கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று வந்துவிடும். அவ்வளவுதான், பண விஷயம் முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

முடியவில்லை. அதே மாணவர் ஃபாஃப்சாவும் போட்டிருந்தால் மத்திய அரசின் பெல் கிராண்ட் கிடைத்திருக்கும். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கட்டணம் ஏற்கெனவே தள்ளுபடி ஆகிவிட்டதால் இந்தப் பணம் கல்லூரிக்குப் போகாது, மாணவர் கைக்கு வரும். வாடகைக்குக் கொடுக்கலாம், பஸ்ஸுக்குக் கொடுக்கலாம், பழைய காருக்கு டயர் மாற்றலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இதற்கு மேல் கால் கிராண்ட் என்று மாநிலத்தின் உதவி தனியாக இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் அதோடு சேர்த்து இன்னொன்றும் உண்டு. ஆக, 1,380 மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்கள் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கோட்டை விடுகிறார்கள். விட்டதை ஈடுகட்டத்தான் இரவு ஷிஃப்டுக்குப் போகிறார்கள்.

இன்னொரு முறையும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு முறை சொன்னால் யாருக்கும் ஏறுவதில்லை. கட்டணத் தள்ளுபடி வேறு, நிதியுதவி வேறு. முன்னது கல்லூரி உங்களிடம் காசு கேட்காது என்பதோடு சரி. பின்னதுதான் நீங்கள் படிக்கும் காலத்தில் சாப்பிட, தங்க, வந்து போக. கலிஃபோர்னியா மாதிரி வாடகை உள்ள மாநிலத்தில் மாணவர் படிப்பை விடுவது 46 டாலருக்காக இல்லை. வாடகைக்காக விடுகிறார், கார் நின்று போனதால் விடுகிறார், மேனேஜர் ஷிஃப்டை மாற்றியதால் விடுகிறார். நிதியுதவி அலுவலகத்தில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நாடு முழுக்க நடக்கும் ‘இலவசக் கல்லூரி’ விவாதத்தைக் கேட்டால் எனக்குப் பொறுமை போவதும் இதனால்தான். இலவசம் ஒன்றும் புதுசில்லை. 1947இலேயே அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் கமிஷன், பதினான்காம் வகுப்புவரை, அதாவது பள்ளிக்கு மேல் இரண்டு வருடம், அரசே இலவசமாகப் படிக்க வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் 1984 வரை கம்யூனிட்டி காலேஜுக்குக் கட்டணமே கிடையாது. 1978இல் பிராப்பொசிஷன் 13 வந்து சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டது, கல்லூரிகளின் வரும்படி வற்றியது, கடைசியில் யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் 2014இல் டென்னஸி மாநிலம் கம்யூனிட்டி காலேஜில் கட்டணமில்லாமல் படிக்க டென்னஸி பிராமிஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர் பில் ஹாஸ்லம் குடியரசுக் கட்சிக்காரர். இதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கவும். 2015 ஜனவரியில் ஒபாமா அதே மாநிலத்துக்குப் போய், நாக்ஸ்வில்லில் உள்ள பெலிஸிப்பி ஸ்டேட் கல்லூரியில் நின்று, நாடு முழுவதற்கும் இதைச் செய்வோம் என்றார். நடக்கவில்லை. 2021இல் பைடன் சுமார் 10,900 கோடி டாலர் மதிப்பில் இரண்டு வருட இலவசப் படிப்பை முன்வைத்தார். அவர் மனைவி ஜில் பைடனே அப்போது வர்ஜீனியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். இருந்தும் அந்த அக்டோபரில் மசோதா மீது நடந்த பேரத்தில் அது கழன்று விழுந்தது.

எதிர்ப்பவர்கள் கேட்பது: டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் இலவசம்? அந்தப் பணத்தில் பெல் கிராண்டை உயர்த்தினால் ஏழைக்குப் போய்ச் சேருமே? நியாயமான கேள்விதான். ஆதரிப்பவர்கள் சொல்வது: “உனக்குக் கட்டணம் கிடையாது” என்ற ஒரே வரி எல்லோருக்கும் புரியும், வருமான அட்டவணை யாருக்கும் புரியாது. இதுவும் நியாயம்தான். திட்டம் தொடங்கிய 2015இல் டென்னஸியின் கம்யூனிட்டி காலேஜ்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய கால்வாசி கூடினார்கள். ஃபாஃப்சா போடுவதிலும் அந்த மாநிலம் நாட்டின் முன்வரிசைக்கு வந்தது. காரணம் ரொம்ப எளிது, அங்கே ஃபாஃப்சா போடாவிட்டால் பிராமிஸே கிடையாது. எங்களுக்கும் அப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் அந்தக் கால்குலஸ் பையன் இந்நேரம் வகுப்பில் இருந்திருப்பான் என்று தோன்றுகிறது.

ஆனால் டென்னஸியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அங்கே பெல் கிராண்ட்தான் முதலில் கட்டணத்துக்குப் போகும், கட்டணத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால்தான் மாநிலம் போடும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் முழு பெல் கிராண்ட் அதிகம். அப்படியென்றால் பரம ஏழை மாணவருக்கு மாநிலத்தின் பணம் ஒரு டாலர்கூடப் போகாது. பெல் கிடைக்காத நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் போகும். மேடையில் ‘இலவசம்’ என்று அறிவிக்கப்படும் பல மாநிலத் திட்டங்களின் உள்கணக்கு இதுதான். ஆரெகன் இதைக் கொஞ்சம் உணர்ந்து, பெல்லே கட்டணத்தை அடைத்துவிட்டாலும் மாணவர் கையில் குறைந்தபட்சம் ஒரு தொகை போகட்டும் என்று வைத்தது. நியூ மெக்சிகோ 2022இல் வரிசையையே மாற்றியது: மாநிலப் பணம் முதலில் கட்டணத்தை அடைக்கும், பெல் அப்படியே மாணவருக்கு. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வரிசை. ‘எங்கள் மாநிலத்தில் இலவசம்’ என்று யாராவது பெருமையடித்தால், பெல்லுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் பின்னால் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டணம் மட்டும் போதாது என்பதற்கு என் அனுபவத்தைவிட நல்ல ஆதாரம் நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே சிட்டி யுனிவர்சிட்டி 2007இல் அசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. நிதியுதவி போக மீதிக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல் ரயில், பஸ்ஸுக்கு மெட்ரோகார்டு கொடுத்தார்கள், புத்தகச் செலவுக்கு உதவினார்கள், அடிக்கடி போய்ப் பார்த்தே ஆக வேண்டிய ஓர் ஆலோசகரையும் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்ததில், மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம். இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்குப் பெல் இருந்தது. வித்தியாசம் கட்டணத்தில் மட்டும் இல்லை, மெட்ரோகார்டிலும் ஆலோசகரிலும் இருந்தது. கட்டணத்தைத் தள்ளிவிட்டு இதற்குக் கை வராத அரசுகளைப் பார்த்தால், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர் ஞாபகம்தான் வருகிறது.

அரசியலை விடுங்கள், அது நம் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

“எங்க சம்பளத்துக்கு எதுவும் கிடைக்காது” என்கிற பெற்றோர்களே, பெல் கிடைக்காமல் போகலாம், சரி. ஆனால் முதல்முறை கல்லூரியில் சேர்ந்து முழுநேரமாகப் படிப்பவருக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தை வருமான வரம்பு பார்க்காமல் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் கலிஃபோர்னியாவில் நிறைய இருக்கின்றன. அதற்கு ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீங்கள் போடமாட்டேன் என்கிறீர்கள், அப்புறம் “பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டும் எப்படி?” என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறீர்கள். குடியிருக்கும் வீட்டின் மதிப்பும் 401கே ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கும் ஃபாஃப்சாவில் சொத்தாகச் சேராது, பயம் வேண்டாம். ஊரில் உங்கள் பெயரில் வாங்கிப் போட்ட மனையும் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டும் சேரும். “அது இந்தியாவில்தானே இருக்கு” என்று கண்ணடிக்காதீர்கள், கையெழுத்துப் போடுவது நீங்கள்.

எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய உதவி கிடையாது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஆனால் மாநிலவாசி என்ற தகுதி கிடைத்தால் யூனிட்டுக்கு 46 டாலர்தான், அதை மறந்து வெளிமாநிலத்தார் கட்டணம் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். 21 வயதானால் எச்-4 போய்விடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் பல மடங்கு ஏறும். படிப்பு எப்போது முடிகிறது, பிள்ளைக்கு எப்போது 21 ஆகிறது என்று முதல் செமஸ்டரிலேயே நாள்காட்டியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இருபதே முக்கால் வயதில் வந்து நின்றால் நான் என்ன செய்ய?

மாணவர்களுக்கு: கல்லூரி மின்னஞ்சலைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள். நிதியுதவியைத் திருட போலிப் பெயர்களில் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. சேர்வதற்குச் செலவில்லை என்பதால் மோசடிக்காரர்களுக்கு இது வசதி. அதனால் ஆன்லைன் வகுப்பில் முதல் வாரமே “நீ நிஜ ஆள்தானா?” என்று கண்டுபிடிக்க ஆசிரியர் ஏதாவது எழுதச் சொல்வார். பதில் வராதவரை நீக்கிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருந்து வேறு ஒருவரைச் சேர்ப்பார். உயிரோடு இருக்கிற, ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைகள் இப்படி நீக்கப்பட்டு என் ஜன்னலுக்கு அழுதுகொண்டு வருகிறார்கள்.

படிப்பை விடுவதாக இருந்தால் சொல்லிவிட்டு விடுங்கள். பெல் வாங்கிக்கொண்டு செமஸ்டரில் 60 சதவீதம் முடியும் முன்பே எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டி வரும். சத்தமில்லாமல் நின்றுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எல்லாப் பாடத்திலும் எஃப் வந்தால் நாங்கள் ஆசிரியர்களிடம் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டே ஆக வேண்டும், அது எங்கள் தலைவிதி. ‘இலவசமாக’ப் படிக்க வந்தவருக்குக் கல்லூரியிலிருந்து கடன் நோட்டீஸ் போவது இப்படித்தான். விடுவதற்கு முன் ஒரு முறை வந்து பேசினால் இரண்டு வகுப்பையாவது வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டணத் தள்ளுபடியும் நிரந்தரமில்லை: தொடர்ந்து இரண்டு செமஸ்டர் மதிப்பெண் சராசரி (4.0க்கு) 2.0க்குக் கீழே போனாலோ, எடுத்த யூனிட்டுகளில் பாதிக்கு மேல் முடிக்காவிட்டாலோ அதுவும் போகும்.

புத்தகத்தைப் பற்றி ஒரே வரி. வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவு இல்லாத பிரிவுகளுக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள், பதிவு செய்யும் முன் அதைத் தேடுங்கள்.

ஃபாஃப்சா அக்டோபர் 1இல் திறக்கும். கால் கிராண்டுக்குக் கடைசித் தேதி மார்ச் 2. அதைத் தவறவிட்ட கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் வைத்துக் காசு கொடுக்காதீர்கள், நாங்கள் சும்மாவே உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். வரும்போது உங்களுடைய, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெற்றோருடைய ஃபாஃப்சா லாகின் கடவுச்சொற்கள் நினைவில் இருக்கட்டும். செமஸ்டர் தொடங்கும் வாரத்துத் திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம், வரிசை பார்க்கிங் வரைக்கும் நிற்கும்.