பருவத்தின் நேரத்தைக் குழப்பும் ஈயம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பெண் பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்: "இவ்வளவு சின்ன வயசுல பெரிய பிள்ளையாகிட்டா, எல்லாம் பிராய்லர் கோழியாலதான்." கோழியைத் திட்டுகிறோம். பழைய பெயிண்ட் தூசியையும், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் உடைத்துப் பிரிக்கும் லாரி பேட்டரியையும் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்; அவற்றில் இருக்கக்கூடிய ஈயம் பருவத்தின் நேரத்தையே குழப்பும், பெரும்பாலும் தள்ளிப்போடும்.

பூப்பு மூளையில் தொடங்குகிறது. ஹைப்போதலாமஸில் உள்ள கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் தூண்ட, ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும், பிட்யூட்டரி சினைப்பையை எழுப்பும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஊறும். முதலில் மார்பு வளரும். முதல் மாதவிடாய் வர அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும்.

ஈயம் இதன் மேல்நுனியிலேயே கை வைக்கிறது. நரம்பணுக்கள் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தில் ஈயம் ஆள்மாறாட்டம் செய்து நுழைந்துகொள்கிறது. எலிகளுக்கு ஈயம் கொடுத்தபோது ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருள் குறைந்து, பருவமும் தள்ளிப்போனது. அமெரிக்கச் சிறுமிகளின் தரவை வைத்து 2003-ல் வந்த ஆய்விலும் அதே திசைதான்: ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் வெறும் 3 மைக்ரோகிராம் ஈயம் இருந்த ஆப்பிரிக்க அமெரிக்க, மெக்சிகோ வழிச் சிறுமிகளுக்குப் பருவ வளர்ச்சி தாமதமானது. வறுமையும் சத்துக்குறைவும் இதில் கலந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தின் கதை வேறு. அது உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பியிலேயே போய் ஒட்டக்கூடியது. கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தபோது பிறந்த பெண் குட்டிகள் சீக்கிரமே பருவமடைந்தன. சிறுமிகளிடம் நடந்த ஆய்விலோ தாமதம் தெரிந்தது. ஆகவே, "சீக்கிரம் வரவில்லை, அப்போ பிரச்சினை இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது எலும்புதான். பெரியவர்கள் உடலில் தங்கும் ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் பல ஆண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்தில் பிள்ளைக்காக எலும்புக் கால்சியம் கரையும்போது ஈயமும் கூடவே கரைந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது. அம்மா சிறுமியாக இருந்தபோது விழுங்கிய தூசி மகளைத் தொடுகிறது. பத்து வயதில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, ஏனென்றால் அது அண்மைக் கால ஈயத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். அதனால் ஆய்வாளர்கள் விழுந்த பால்பல்லை எடுத்துப் பார்க்கிறார்கள். நாம் கூரை மேல் எறியும் அதே பல்தான். அதன் அடுக்குகளில் பிறப்புக்கு முன், பின் என்று ஒரு கோடு இருக்கும். எப்போது எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று அதிலிருந்து கணிக்கலாம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பேட்டரியை வீட்டருகே உடைக்கவே கூடாது. கண்மை, சுர்மா, பளீரென்ற மஞ்சள்தூள் இவற்றை யோசித்து வாங்குங்கள். ஈயம் கலந்தவை விற்பனையில் இருந்திருக்கின்றன. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஈயம் சராசரியாகப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. நெத்திலியும் கேழ்வரகும் நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கின்றன; பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் தட்டில் அவை கொஞ்சம் கூடுதலாக விழட்டும்.